எல்லைக்கு அப்பால் ஒரு சொந்த மைதானம்

அபெர்மோர்,
14 ஜூன் 1992

கெத்தின்,

மூன்று முறை ஃபோன் செய்தேன். மூன்று முறையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழிப்பதானாலும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை கூட்டத்தில் நான் சொன்னது தப்பு என்று உன் அண்ணி சொல்கிறாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து நெரிஸ் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "அத்தனை பேர் முன்னாடி கூடப்பிறந்தவன அப்படிச் சொல்வாங்களா?" என்கிறாள். நான் சொன்னது இவ்வளவுதான்: "பெஞ்சுல உக்கார்றவனுக்கு எந்த லீக்கா இருந்தா என்னடா? பெஞ்சு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதற்கு நான் என்ன செய்ய?

நீ மட்டும் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். நம் அணி இவ்வளவு காலமாக இங்கிலாந்து அணிகளோடு ஆடிவருகிறது. இன்றைக்குக் கால்பந்துச் சங்கத்துக்காரர்கள் கார்டிஃபில் உட்கார்ந்துகொண்டு வேல்ஸுக்கென்று தனி லீக் ஆரம்பித்துவிட்டு, அதில் சேராதவன் வேல்ஸ் மண்ணில் ஆடக் கூடாது என்கிறார்கள். நாற்பது பேர் "சேர மாட்டோம்" என்று கை தூக்குகிறார்கள். எதிர்த்துத் தூக்கிய ஐந்து கைகளில் ஒன்று என் தம்பியுடையது. அணித்தலைவன் நான். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

அடுத்த வருடம் நம் சொந்த மைதான ஆட்டங்களை எல்லை தாண்டி எழுபது மைலில் ஒரு இரவல் மைதானத்தில் ஆடப்போகிறோம். கஷ்டம்தான். ஆனால் நாம் இருக்க வேண்டிய இடம் இங்கிலாந்து லீக்தான். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்துவிடு. நான் எதுவும் பேச மாட்டேன், நீயும் பேசாதே.

எம்லின்


ரோஸ்வென்,
21 ஜூன் 1992

எம்லினுக்கு,

கிழிக்கவில்லை.

நேற்று ரோஸ்வென் அணியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆம், குவாரிக்காரர்களின் அணிதான். அவர்கள் புது லீக்கில் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு ஒன்றாம் எண் ஜெர்சி கொடுத்திருக்கிறார்கள். குவாரியில் லாரி ஏற்றும் வேலையும் கிடைத்தது, இங்கேயே அறை எடுத்துவிட்டேன்.

நான் கை தூக்கியது வேல்ஸ் மீதுள்ள பற்றினால் என்று நினைக்காதே. ஆறு வருடமாக உன் பின்னால் மாற்றுக் கோல்கீப்பராகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆறு வருடத்தில் முதல் அணிக்காகப் பதினோரு ஆட்டம் ஆடினேன், எல்லாம் உனக்குக் காய்ச்சலோ கைவலியோ வந்த நாட்களில். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் உன்னைப் பார்த்ததும் "எப்படி இருக்கே அண்ணா?" என்று கேட்பேனே, அது நலம் விசாரிப்பது இல்லை. உனக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பது. அப்படிப்பட்டவனாக ஆகிவிட்டேன். அதனால்தான் போகிறேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

கெத்தின்


அபெர்மோர்,
22 நவம்பர் 1992

கெத்தின்,

வாழ்த்து என்று ஒரு வரி எழுதலாம் என்றிருந்தேன், ஐந்து மாதம் ஓடிவிட்டது. பால் லாரி ஓட்டுகிறவனுக்கு நேரம் ஏது என்று நீயே சொல்லிக்கொள்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. இரவல் மைதானத்தில் புல் பிரமாதம். நேற்றைய 'சொந்த' ஆட்டத்துக்கு ஐம்பத்தெட்டு பேர் வந்தார்கள். அதில் இருபது பேர் மழைக்கு ஒதுங்கிய அந்த ஊர்க்காரர்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தவர் நம் ஊரின் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாலாவது தடவை "வேல்ஸ்காரர்கள்" என்று முடித்துக்கொண்டார். வேல்ஸ்காரர்களைக் கேலி செய்ய எதிரணி ஆட்கள் ஆட்டம் முழுக்க ஆடு மாதிரி கத்தினார்கள். நான் திரும்பி, "ஆடா கத்துறீங்க, சரி, கோல் போட்டுட்டு கத்துங்கடா" என்றேன். போடவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம், நாம் ஜெயித்தோம்.

உங்கள் லீக்கைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். போன வாரம் ரோஸ்வென் மைதானத்தில் நிஜ ஆடே இறங்கி ஆட்டம் கால்மணி நேரம் நின்றதாமே. கசாப்புக் கடை ஹெவின் சொன்னார். அவர் கடையில் இதைச் சொல்லாத நாள் கிடையாது.

உனக்குப் பின்னால் பெஞ்சில் யார் உட்கார்கிறான்? அவன் உன்னிடம் "எப்படி இருக்கீங்க" என்று கேட்கிறானா?

எம்லின்


ரோஸ்வென்,
10 ஜனவரி 1993

எம்லினுக்கு,

ஆடு இறங்கியது உண்மை. ஒன்று இல்லை, நான்கு. நானே கொம்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். கைதட்டல் கிடைத்தது. ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான்.

எங்கள் ஆட்டத்துக்கு நூற்றைம்பது பேர் வருகிறார்கள். பாதிப் பேரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். பந்தை விட்டால் திங்கட்கிழமை குவாரியில் என் முகத்துக்கு நேராகத் திட்டுவார்கள். "ஏம்பா, அந்தப் பந்துக்கு என்ன, உன்கிட்ட வர பயமா?" என்பார்கள். பிடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் வந்ததும் எங்கள் முடிவைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் முடிவைத்தான் பார்க்கிறேன். டிசம்பரில் நீ ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினாய் அல்லவா? அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை அலுப்புத் தெரியவில்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம்தான் சொல்ல முடியும், விசித்திரம்தான்.

என் மாற்று ஆட்டக்காரர் பெயர் டெய்லோ. பள்ளிக்கூட வாத்தியார், நாற்பத்தொரு வயது. எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. "சீக்கிரம் முடிச்சுட்டு வா, மழை வருது" என்பார்.

கெத்தின்


ரோஸ்வென்,
8 மே 1994

அண்ணா,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். லீக்கில் இரண்டாம் இடம் வந்துவிட்டோம். அதற்கு என்ன அர்த்தம் என்று நேற்று மாலை வரை எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. செயலாளர் வந்து, "ஐரோப்பியக் கோப்பைடா, தகுதிச் சுற்று, பாஸ்போர்ட் இல்லாதவன் கை தூக்கு" என்றார். ஒன்பது பேர் தூக்கினார்கள். அதில் நானும் ஒருவன்.

ஆகஸ்டில் ஹங்கேரி அணி ஒன்றோடு ஆடப்போகிறோம். அவர்கள் வருடம் முழுக்க இதையே வேலையாகச் செய்கிறவர்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை வரை பாறை உடைக்கிறவர்கள். என்ன ஆகும் என்று தெரிந்ததுதான். ஆனால் ஆடப்போகிறோம். எங்கள் மைதானம் போதாது என்பதால் கடற்கரை நகரத்து மைதானத்தில் முதல் ஆட்டம், உன் வீட்டிலிருந்து இருபது நிமிடம்.

இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன், உனக்கும் அண்ணிக்கும். கூட்டத்தில் நடந்ததெல்லாம் பழசாகிவிட்டது. எனக்குப் பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நீதான். வந்து பார்.

கெத்தின்


அபெர்மோர்,
14 ஆகஸ்ட் 1994

கெத்தின்,

முதுகுவலி, வர முடியாது என்று உனக்கு ஒரு அட்டை போட்டேன் அல்லவா? முதுகில் வலி எதுவும் இல்லை. நெரிஸை மட்டும் அனுப்பினேன். பிறகு நானும் வந்தேன். வாசலில் காசு கொடுத்து, மழைக்கோட்டுத் தொப்பியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, உன் கோலுக்குப் பின்னால் நின்றேன். அவளுக்குக்கூடத் தெரியாது.

நான் ஏன் முதலில் வரமாட்டேன் என்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடம் இங்கிலாந்து லீக்கில் நின்றிருக்கிறேன். அங்கே நாங்கள் முதலாவதாக வந்தாலும் ஐரோப்பாவுக்கு வழி கிடையாது. ஆடு மேய்கிற லீக் என்று நான் சிரித்த இடத்திலிருந்து நீ போகிறாய். பாஸ்போர்ட்டுக்கு நீ படம் எடுக்கப் போன செய்தியை ஹெவின் சொன்னபோது, வாங்கிய இறைச்சியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் பாதியில், இரண்டுக்குப் பூஜ்யம் என்று நீங்கள் பின்தங்கியிருந்தபோது அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. நீ எனக்கு முதுகைக் காட்டியபடி, பத்தடி தூரத்தில் நின்றாய். அந்த ஆள் ஓடி வரும்போது என் மனதில் என்ன ஓடியது என்று உனக்குத் தெரிய வேண்டும். பந்து உள்ளே போகட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட இல்லை, வேண்டிக்கொண்டேன். நீ வலப்பக்கம் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டாய். மூவாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். என் பக்கத்தில் நின்ற கிழவர் என்னைக் கட்டிப்பிடித்து, "பாத்தியா, நம்ம பையன் பாத்தியா" என்றார். நான் பொம்மை மாதிரி நின்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இது முதல் தடவை இல்லை.

1989 மார்ச். செவ்வாய்க்கிழமை இரண்டாம் அணி ஆட்டத்தில் நீ ஆடினாய், நான் வேலிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார் ஒன்றில் ஒருவர் வந்தார். இங்கிலாந்தில் ஒரு பெரிய அணிக்கு ஆள் தேடுகிறவர், மூன்றாம் பிரிவில் ஆடும் தொழில்முறை அணி. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு முப்பது வயது, இதுதான் கடைசி வாய்ப்பு. அவர் என்னிடம் வந்து, "அந்தக் கோல்கீப்பர் யாருங்க? வயசு என்ன?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "என் தம்பிதான். நல்லாத்தான் ஆடுவான். முழங்கால்தான் சரியில்ல, ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அவர் நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். உன் முழங்காலுக்கு எதுவும் இல்லை. எந்த டாக்டரும் எதுவும் சொல்லவில்லை.

ஐந்து வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நீ ஹங்கேரிக்குப் போகிறாய், போவதற்கு முன்னால் எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் இப்போது எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன்.

எம்லின்


ரோஸ்வென்,
29 ஜனவரி 1995

எம்லினுக்கு,

ஹங்கேரியில் ஆறு கோல் வாங்கினேன். அதற்கும் உன் கடிதத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் நன்றாக ஆடினார்கள்.

ஐந்து மாதம் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் தாளில் கெட்ட வார்த்தை தவிர எதுவும் வரவில்லை. இப்போது இரண்டு கேள்வி மட்டும்.

ஒன்று. அவர் என்னைப் பற்றி நோட்டில் என்ன எழுதியிருந்தார்? அடித்தார் என்று சொல்கிறாய். அடிப்பதற்கு முன்னால் என்ன இருந்தது?

இரண்டு. அன்று ஆட்டம் முடிந்ததும் நீ என்னைக் காரில் வீட்டுக்கு அழைத்துப் போனாய். வழியில் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தாய். "இன்னிக்கு நல்லா ஆடினடா" என்றாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நீ அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதை எப்படிச் சொன்னாய்?

கெத்தின்


அபெர்மோர்,
5 பிப்ரவரி 1995

கெத்தின்,

நோட்டில் உன் பெயர் இல்லை, பெயர் அவருக்குத் தெரியாது. "பச்சை ஜெர்சி, உயரப் பந்துக்குப் பயமில்லை, நல்ல கை" என்று எழுதியிருந்தது. அந்த மூன்றையும் ஒரே கோடாக அடித்தார்.

இரண்டாவதற்கு: உண்மையாகவே நீ நன்றாக ஆடினாய். அதனால்தான் சொன்னேன். அதனால்தான் மற்றதையும் செய்தேன்.

இதற்கு மேல் எழுதினால் எனக்காகப் பரிதாபம் கேட்பதுபோல் ஆகிவிடும். நிறுத்திக்கொள்கிறேன்.

எம்லின்


ரோஸ்வென்,
18 ஜூன் 1995

எம்லினுக்கு,

மற்றவர்கள் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வேல்ஸ் மண்ணில் ஆடத் தடை போட்டதை எதிர்த்து உங்கள் அணி போட்ட வழக்கில் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு இங்கேயும் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அபெர்மோர் ஊருக்குத் திரும்புகிறது, இங்கிலாந்து லீக்கில் இருந்துகொண்டே சொந்த மைதானத்தில் ஆடலாம். மூன்று வருடம் அடுத்தவன் புல்லில் ஆடினீர்கள், பிடிவாதம் ஜெயித்துவிட்டது. நல்லது. நான் அன்று எதிர்த்துக் கை தூக்கியவன்தான், ஆனாலும் நல்லது.

வியாழக்கிழமை உங்கள் மேலாளர் ஆர்வெல் குவாரி வாசலுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கண்ணனுக்கு முப்பத்தாறு ஆயிடுச்சு, கெத்தின். வேகம் போயிடுச்சு. ஆகஸ்டுல ஊர்ல முதல் ஆட்டம். கோல்ல நீ நிக்கணும்" என்றார். "எம்லினுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "சொல்லிட்டேன். நல்ல முடிவுன்னு சொன்னாரு. அப்புறம் பூட்ஸை எடுத்துட்டுப் பின்பக்கமா வெளிய போயிட்டாரு" என்றார்.

ரோஸ்வென்காரர்கள் என்னைத் துரோகி என்கிறார்கள். டெய்லோ வாத்தியார் மட்டும், "போ, எனக்கு மழையில நிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும்" என்றார்.

சம்மதித்துவிட்டேன். உன்னைப் பழிவாங்க இல்லை, அப்படி ஆசை கொஞ்சம் உண்டு என்பதை மறைக்கவும் இல்லை. அந்த இடம் எனக்கு எப்போதும் வேண்டியிருந்தது. உன் பின்னால் உட்கார்ந்து ஆறு வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கிடைக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். நீ அன்று வருவாயா மாட்டாயா என்பது உன் விருப்பம்.

கெத்தின்


அபெர்மோர்,
20 ஆகஸ்ட் 1995

தம்பி,

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலை ஹெவின் கடை திறந்ததும் இது ஊர் முழுக்கப் பரவிவிடும், உன் குவாரி வரை வந்துவிடும். அதற்கு முன்னால் என்னிடமிருந்தே கேட்டுக்கொள்.

நேற்று வந்திருந்தேன். இந்த முறை தொப்பி போடவில்லை. பெரிய ஸ்டாண்டில் மூன்றாவது வரிசை, நெரிஸ் ஒரு பக்கம், ஹெவின் மறுபக்கம். ஆயிரத்து இருநூறு பேர் என்றார்கள். மூன்று வருடம் கழித்து நம் சட்டையை நம் ஊரில் பார்த்துப் பல பேர் அழுதார்கள். நான் அழவில்லை. என் கண் உன் மேலேயே இருந்தது. என் இடத்தில் நீ நின்று கோல் கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டினாய், அது நான் செய்கிற வேலை. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது.

ஒன்பதாவது நிமிடம் இடது ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கி அடித்தார்கள். நீ வெளியே வந்தாய், கை வைத்தாய், நழுவவிட்டாய். கோல். ஸ்டாண்ட் முழுக்க ஒரு முனகல். ஹெவின் தொடையில் அடித்துக்கொண்டு, "எம்லின் இருந்தா பிடிச்சிருப்பான். சத்தியமா பிடிச்சிருப்பான்" என்றார். பின்வரிசையில் நாலைந்து பேர், "ஆமா, எம்லின்னா பிடிச்சிருப்பான்" என்றார்கள். யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வெயிலில் நின்றவனுக்குத் தண்ணீர் கொடுத்த மாதிரி இருந்தது. அப்படி எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பந்தை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு நீ நிமிர்ந்தாய். ஸ்டாண்ட் பக்கம் பார்த்தாய். என்னைத் தேடினாய் என்று நினைக்கிறேன்.

நான் எழுந்து திரும்பி நின்றேன். "அவன் இங்கயே இருக்க வேண்டியவன் இல்ல" என்றேன். ஹெவினுக்குப் புரியவில்லை. "அதத்தானப்பா நாங்களும் சொல்றோம்" என்றார். "இல்ல. ஆறு வருஷம் முன்னாடி இங்கிலாந்துலேர்ந்து ஒருத்தர் இவனத் தேடி வந்தார். இவனுக்கு முழங்கால் போச்சுன்னு நான்தான் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். எனக்குப் பொறாமை. இவன் இன்னிக்கு எங்கயோ பெரிய மைதானத்துல நின்னிருப்பான். இங்க நின்னு உங்க பேச்சக் கேக்க வேண்டிய தலையெழுத்து இவனுக்கில்ல" என்றேன்.

சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. ஐந்தாறு வரிசைக்குக் கேட்டிருக்கிறது. ஹெவின் என்னைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் முப்பது வருடப் பழக்கம். நெரிஸுக்கும் இது அப்போதுதான் தெரியும். அவள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் நீ நன்றாக ஆடினாய். அவர்கள் தலையால் முட்டிய அந்தப் பந்தை நான் பிடித்திருக்க மாட்டேன், இருபத்தைந்து வயதிலும் பிடித்திருக்க மாட்டேன். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்ததில் உன் பங்கு பெரியது.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அண்ணன்


ரோஸ்வென்,
22 ஆகஸ்ட் 1995

அண்ணா,

கடிதம் வருவதற்கு முன்னாலேயே நேற்றுப் பன்னிரண்டு மணிக்குள் குவாரியில் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். ஹெவின் அவ்வளவு வேகம்.

அண்ணி ஃபோன் செய்தாள். நீ கடைக்குப் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாள். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அது போய்விட்டது. ஏன் போயிற்று என்று தெரியவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத முயன்றேன், கை வரவில்லை. எனக்கு இருபத்தொன்பது வயது. அந்தக் கார் திரும்பி வராது. இனி எந்தப் பெரிய மைதானமும் இல்லை என்பதை நான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்குக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓரத்திலிருந்து வருகிற உயரப் பந்துக்கு நான் அரை விநாடி முன்னால் கிளம்பிவிடுகிறேன். ஆர்வெலுக்கு அதைத் திருத்தத் தெரியவில்லை, அவர் வாழ்நாள் முழுக்க நடுக்களத்தில் ஆடியவர். உனக்குத் தெரியும். வியாழக்கிழமை ஆறரைக்குப் பயிற்சி. பூட்ஸோடு வா.

பேச வேண்டாம். இடது ஓரத்திலிருந்து ஐம்பது பந்து தூக்கி அடி.

கெத்தின்